குதிரைக்கு ஒரு பவுண்டு



போன வாரம் நம் பழைய மாணவர் ஒருவர் (பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, கடைசி பெஞ்சு, பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்) ஒரு படம் அனுப்பியிருந்தார். கரும்பச்சை நிறத்தில் ஒரு பழைய பென்ட்லி கார். "சார், ஆள் உட்காருகிற இடத்தைவிட மூக்கு நீளமாக இருக்கிறதே, ஏன்?" என்று கேட்டிருந்தார். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதி முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். எழுத எழுத வளர்ந்துகொண்டே போயிற்று. அதனால் இங்கே எல்லோருக்குமாகப் போடுகிறேன். நீளமான பதிவு. அவசரக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் வராது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வரலாறு நடத்தியவன், மெக்கானிக் அல்ல. சைக்கிள் செயின் கழன்றால் மாட்டத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் மகள் கவென்ட்ரியில் இருப்பதால் அங்கே போகும்போதெல்லாம் ஊரிலுள்ள போக்குவரத்து அருங்காட்சியகத்துக்குப் போய்விடுவேன். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபது வருஷத்து இங்கிலாந்தை நான் பாடப் புத்தகத்தில் படித்ததைவிட அந்தக் கார்களைப் பார்த்துப் புரிந்துகொண்டது அதிகம்.

சரி, மூக்குக்கு வருவோம். அந்த நீளமான பானெட்டுக்கு அடியில் ஆறு சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. நாலு இருக்கவேண்டிய இடத்தில் ஆறு. அதுதான் நீளம்.

ஏன் ஆறு? நம் வீடுகளில் நெல் குத்தியதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ஒருத்தி மட்டும் குத்தினால் உலக்கை விழும், பிறகு ஒரு இடைவெளி, மறுபடி விழும். இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்தினால் இடைவெளி குறையும். மூன்று பேர் கை பிசகாமல் குத்தினால் சத்தம் கோத்துக்கொண்டு ஒரே ஓட்டமாகிவிடும். நாலு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் அரைச் சுற்றுச் சுற்றும்போது ஒரு வெடிப்பு. ஆறு சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு சுற்றுக்கே ஒரு வெடிப்பு. ஒரு பிஸ்டன் தள்ளி முடிப்பதற்குள் அடுத்தது தள்ளத் தொடங்கிவிடும். இதோடு இன்னொரு நன்மையும் உண்டு. நேர்வரிசை ஆறில், பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வருவதால் எழும் உதறல்கள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. நாலில் அப்படி முழுமையாக நடப்பதில்லை. அதனால்தான் பழைய நாலு சிலிண்டர் கார்களில் உட்கார்ந்தால் பல் ஆடும்.

இந்த வசதிக்கு ஒரு விலையும் இருந்தது. நீளமான கிராங்க் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். ஈர வேட்டியை ஆளுக்கொரு முனையில் பிடித்துப் பிழிவதுபோல. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அந்த முறுக்கல் தாளம் பிடித்து வளர்ந்து, எஃகுத் தண்டு மட்டென்று ஒடிந்துவிடும். 1904 வாக்கில் ஆறு சிலிண்டர் காரை இங்கிலாந்தில் வெற்றிகரமாக விற்கத் தொடங்கிய நேப்பியர் கம்பெனி முதல் எல்லோரையும் இந்த நோய் படுத்தியது. நேப்பியர் காரை ஊரெங்கும் முழங்கி விற்றவர் எஸ். எஃப். எட்ஜ். 1907 ஜூனில் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதை திறந்த கையோடு, ஆறு சிலிண்டர் நேப்பியர் ஒன்றை 24 மணி நேரம் தனியாளாக ஓட்டி 1,581 மைல் கடந்தார். சராசரி மணிக்கு 65.9 மைல். அந்தக் காலத்தில் அது நம்ப முடியாத காரியம். முறுக்கல் நோய்க்கு மருந்து கண்டவர்கள் இருவர்: ஃபிரெடரிக் லான்செஸ்டரும் ஹென்றி ராய்ஸும். கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையில் ஒரு சிறிய சக்கரத்தைச் சற்றே வழுக்கும்படி மாட்டினார்கள். தண்டு முறுக்கும்போது அந்தச் சக்கரம் பின்தங்கி, உராய்ந்து, அந்த ஆட்டத்தை உறிஞ்சிவிடும். கைப்பிடியளவு யோசனைதான். அது இல்லாவிட்டால் இந்தப் பதிவே இல்லை.

போர் முடிந்தது. இனிமேல்தான் என் துறை வருகிறது: வரி.

1921 ஜனவரி முதல் இங்கிலாந்தில் ஒரு புது மோட்டார் வரி. ஒரு குதிரைச் சக்திக்கு ஆண்டுக்கு ஒரு பவுண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காரின் குதிரைச் சக்தியை அளந்து பார்க்கவில்லை, கணக்குப் போட்டார்கள். ராயல் ஆட்டோமொபைல் கிளப் வகுத்த சூத்திரம்: சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வர்க்கப்படுத்து, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கு, 2.5ஆல் வகு. முடிந்தது. பிஸ்டன் எவ்வளவு தூரம் மேலும் கீழும் ஓடுகிறது என்பது கணக்கிலேயே இல்லை. ஏனென்றால் சூத்திரம் எழுதிய காலத்தில், எந்த எஞ்சினிலும் பிஸ்டன் நிமிடத்துக்கு 1,000 அடி வேகத்தில்தான் ஓடும் என்று வைத்துக்கொண்டார்கள். எஞ்சின்கள் அதைத் தாண்டிப் போய்விட்டன. சூத்திரம் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. சட்டப் புத்தகத்துக்குள் ஒரு சூத்திரம் போய்விட்டால் அதை வெளியே எடுப்பது எவ்வளவு பாடு என்பது அரசாங்க வேலை பார்த்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விளைவு என்ன? அமெரிக்காவின் ஃபோர்டு 'டி' மாடலுக்கு 3¾ அங்குல விட்டம், நாலு சிலிண்டர். நீங்களே போட்டுப் பாருங்கள், 22.5 வரும். ஆண்டு வரி 23 பவுண்டு. ஆஸ்டின் செவனுக்கு 8 பவுண்டு. மான்செஸ்டரிலேயே தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டை அந்த ஒரு சூத்திரம் முடக்கிப் போட்டது. சில ஆண்டுகளில் மோரிஸ் முந்திவிட்டார். வெளியிலிருந்து வரும் கார்களுக்கு 1915 முதலே 33⅓ சதவீத மெக்கென்னா சுங்கவரி வேறு இருந்தது (1924இல் ஒரு வருஷம் எடுத்தார்கள், 1925இல் சர்ச்சில் திரும்பக் கொண்டுவந்தார்). ஆக வேலி பலமாகவே இருந்தது.

வேலிக்கு உள்ளே வளர்ந்த செடிகள் எப்படி இருந்தன என்பதுதான் சுவாரசியம். விட்டத்துக்கு வரி, ஓட்டத்துக்கு வரி இல்லை. எஞ்சின் வடிவமைப்பவர் என்ன செய்வார்? விட்டத்தைக் குறுக்கி, ஓட்டத்தை நீட்டுவார். பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஒல்லியாகவும் உயரமாகவும் ஆயின. அகலமான செம்பில் கொள்ள வேண்டியதை மூங்கில் குழாயில் ஊற்றி வைத்ததுபோல. ஏ.சி. கம்பெனிக்காக ஜான் வெல்லர் வடிவமைத்த 2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பாருங்கள். விட்டம் 65 மில்லிமீட்டர், ஓட்டம் 100. 1919இல் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட அந்த எஞ்சின் 1963 வரை உற்பத்தியில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பத்து நாலு வருஷம்! நான் வேலை பார்த்ததைவிட அதிகம்.

இந்த வரிக்கு ஒரு பின்விளைவு உண்டு. உள்நாட்டு வரிக்காக இழைத்து இழைத்துச் செய்த ஒல்லி எஞ்சின்கள், இந்தியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் மண் சாலைகளிலும் ஏற்றங்களிலும் திணறின. அங்கெல்லாம் பெரிய எஞ்சின் போட்ட அமெரிக்கக் கார்கள் மலிவாக வந்து இடத்தைப் பிடித்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாயில் கார்களைப் பூட்டி விற்க ஆரம்பித்துவிட்டது. ஏகாதிபத்தியத்தின் சந்தையை ஏகாதிபத்தியத்தின் வரியே தாரை வார்த்த கதை இது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இது வரவில்லை என்பது என் பழைய ஆதங்கம்.

சிலர் கேட்கலாம்: வரி அப்படி இருக்க, ஆறு சிலிண்டர் எதற்கு? நாலிலேயே ஒப்பேற்றியிருக்கலாமே? இங்கேதான் கியர் பாக்ஸ் வருகிறது. அந்தக் காலத்துக் கியர் மாற்றுவது இன்றைக்கு நாம் செய்வதுபோல இல்லை. கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்ச்சை விட்டு, எஞ்சின் வேகத்தைக் காதால் கேட்டுச் சரிசெய்து, மறுபடி மிதித்து உள்ளே தள்ள வேண்டும். கணக்குத் தப்பினால் பற்கள் கரகரவென்று அரைக்கும், தெருவே திரும்பிப் பார்க்கும். கார் ஓட்டப் புதிதாகக் கற்றுக்கொண்ட டாக்டர்களும் வக்கீல்களும் இதற்குப் பயந்தார்கள். ஆறு சிலிண்டர் எஞ்சின் டாப் கியரிலேயே நடைவேகத்துக்கு இறங்கி, உதறாமல், அப்படியே மறுபடி வேகம் பிடிக்கும். ஊர் முழுக்க ஒரே கியரில் சுற்றி வரலாம். "டாப் கியரில் ஏறும்" என்பது அன்றைக்கு ஒரு காரைப் பற்றிச் சொல்லக்கூடிய உச்சப் புகழ்ச்சி.

1922இல் ரோல்ஸ்-ராய்ஸ் கொண்டுவந்த 'ட்வென்ட்டி' இந்த மாதிரி ஆட்களுக்கான கார்தான். டிரைவர் வைக்காமல் தாமே ஓட்டும் வசதியுள்ளவர்கள். 3.1 லிட்டர், ஆறு சிலிண்டர். சேஸிஸ் மட்டும் 1,100 பவுண்டு. ஆம், சேஸிஸ் மட்டும்தான்! பெரிய கம்பெனிகள் எஞ்சினும் சட்டமும் சக்கரமும் மட்டுமே விற்றன. அதன்மேல் பாடி கட்ட பார்க்கர், ஹூப்பர், பார்க் வார்டு, கர்னி நட்டிங், எச். ஜே. மல்லினர் என்று தனித்தனிக் கடைகள். துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுப்பதுபோல. இது பின்னால் ஒரு பெரிய வழக்குக்கு வழிவிட்டது, அங்கே வருகிறேன்.

இப்போது நம் மாணவர் அனுப்பிய பென்ட்லி.

வால்ட்டர் ஓவன் பென்ட்லி, எல்லோருக்கும் 'டபிள்யூ.ஓ.', டான்காஸ்டர் ரயில் பணிமனையில் வேலை பழகியவர். போரில் விமான எஞ்சின் செய்தார். 1919இல் கார் கம்பெனி. முதலில் நாலு சிலிண்டர் 3 லிட்டர் கார், வேகத்துக்கு. வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்றால், அந்த விளையாட்டு வண்டியின்மேல் அலமாரி மாதிரி கனமான மூடிய பாடிகளைக் கட்டினார்கள். வண்டி மூச்சு வாங்கியது. அதற்காகத்தான் ஆறு சிலிண்டரில் இறங்கினார். அதன் முன்மாதிரிக்கு 'சன்' என்று வேறு பெயர் ஒட்டி பிரான்சில் சோதனை ஓட்டம் போனபோது, எதிர்பாராமல் ரோல்ஸ்-ராய்ஸின் ரகசிய முன்மாதிரியும் அதே சாலையில் வந்ததாம். இரண்டு பேரும் முகமூடி போட்டுக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். கிட்டத்தட்ட சமம். ஊருக்குத் திரும்பிய டபிள்யூ.ஓ. எஞ்சினை 6½ லிட்டராகப் பெரிதாக்கினார். இது டபிள்யூ.ஓ. தரப்பு சொன்ன கதை. எதிர்த்தரப்புச் சாட்சியம் இல்லாத கதை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

1926இல் வந்த அந்த எஞ்சினில் எனக்குப் பிடித்த பாகம் ஒன்று உண்டு. மேலே இருக்கும் கேம் ஷாஃப்ட்டைச் சுழற்ற எல்லோரும் செயினோ பல்சக்கரமோ வைத்தார்கள். இவர் மூன்று தண்டுகளை வைத்தார். ரயில் எஞ்சின் சக்கரங்களை இணைத்துக்கொண்டு போய்வருமே, அதே மாதிரி. சத்தமே வராது. டான்காஸ்டரில் பழகிய கை என்று பார்த்தவுடன் தெரியும். 100 மில்லிமீட்டர் விட்டம், வரிக் கணக்கில் 37 குதிரைக்கு மேல். ஆனால் அதன் வேகமான தம்பி 'ஸ்பீட் சிக்ஸ்' உண்மையில் கொடுத்தது 180 குதிரை. சூத்திரத்தின் லட்சணம் இதிலேயே தெரியவில்லையா?

ஸ்பீட் சிக்ஸ் 1929இலும் 1930இலும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. இரண்டு முறையும் வென்றது ஒரே கார்தான், அதற்கு 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு முறையும் ஓட்டியவர்களில் ஒருவர் வுல்ஃப் பர்னாட்டோ. கிம்பர்லி வைரச் சுரங்கச் சொத்தின் வாரிசு, கம்பெனியின் தலைவர், சர்ரே அணியின் விக்கெட் கீப்பர் (கிரிக்கெட் பிரியர்களுக்காகச் சொல்கிறேன்). மொத்தம் மூன்றே முறை லெ மானில் ஓட்டினார், மூன்றும் வெற்றி. கம்பெனிக்குப் பணம் போட்டவரும் இவர்தான். அந்தப் பணம் ஒருநாள் நின்றது.

1930இல் டபிள்யூ.ஓ. தன் வாழ்நாளின் பெரிய காரைக் கொண்டுவந்தார்: 8 லிட்டர், ஆறு சிலிண்டர், சேஸிஸ் விலை 1,850 பவுண்டு. வால் ஸ்ட்ரீட் சரிந்து ஒரு வருஷம் ஆன நேரம். நூறு கார்கள்தான் செய்தார்கள். 1931 ஜூலையில் கம்பெனி கடன்காரர்கள் கைக்குப் போனது. நேப்பியர் கம்பெனி வாங்கப் போகிறது, டபிள்யூ.ஓ.வும் அங்கே போவார் என்று எல்லாம் பேசி முடிந்திருந்தது. புதுக் காருக்கு வரைபடம்கூடப் போட ஆரம்பித்துவிட்டார். நீதிமன்றத்தில் கையெழுத்தாகும் கட்டத்தில் 'பிரிட்டிஷ் சென்ட்ரல் ஈக்விட்டபிள் டிரஸ்ட்' என்று யாரும் கேள்விப்படாத ஒரு பெயர் அதிக விலை கேட்டது. ஒன்றேகால் லட்சம் பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. முடிந்தது. அந்த டிரஸ்டுக்குப் பின்னால் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ் என்று பிறகுதான் டபிள்யூ.ஓ.வுக்கே தெரிந்தது. அவர் ஓட்டிக்கொண்டிருந்த 8 லிட்டர் காரும் கம்பெனிச் சொத்துக் கணக்கில் போயிற்று. பெயரும் போயிற்று. 1933இல் வந்த 'பென்ட்லி'க்குள் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸின் ஆறு சிலிண்டர். நல்ல கார்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் தன் பெயர் பொறித்த கார் தன் கையால் செய்ததல்ல என்ற நிலையில் அதே கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்தார் மனிதர். 1935இல் விலகி லகோண்டாவுக்குப் போனார். அந்த ஆண்டுதான் லகோண்டா, மெடோஸ் செய்த 4½ லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு லெ மான் வென்றிருந்தது.

பணக்காரர் கதை போதும். 1930 ஏப்ரலில் வுல்ஸ்லி ஹார்னெட் வந்தது. விலை 175 பவுண்டு. வில்லியம் மோரிஸ் 1927இல் 7,30,000 பவுண்டுக்கு வுல்ஸ்லியை வாங்கியிருந்தார். தன் குட்டிக் காரான மோரிஸ் மைனரின் சட்டத்தைச் சற்றே நீட்டி, அதில் 1,271 சிசி அளவுக்கு ஒரு குட்டி ஆறு சிலிண்டரை வைத்தார். 57 மில்லிமீட்டர் விட்டம். டீ டம்ளர் வாயைவிடக் கொஞ்சம் குறைவு! ஊரே ஆறு சிலிண்டர் பைத்தியம் பிடித்து ஆடியது. டிரையம்ஃப் ஸ்கார்ப்பியன், ஆஸ்டின் லைட் ட்வெல்வ்-சிக்ஸ், ராயல் ஆல்பர்ட் ஹாலில் விழா எடுத்து வெளியிட்ட ஹில்மன் விசார்டு என்று வரிசையாக வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் நாலு வைத்திருந்தால் நமக்கு ஆறு. 'சிக்ஸ்' என்ற சொல் ஒரு பட்டம்போல ஆகிவிட்டது.

இவற்றைப் பழைய கார்ப் பிரியர்கள் கேலி செய்வார்கள். சக்தி குறைவு, கனம் அதிகம், பெட்ரோல் குடிக்கும் என்பார்கள். உண்மைதான். எனக்கென்னவோ அந்தக் கேலியில் கொஞ்சம் மேட்டிமையும் கலந்திருப்பதாகவே படுகிறது. ஆயிரம் பவுண்டு கொடுத்தால்தான் பல் ஆடாமல் போகலாம் என்றிருந்ததை 175 பவுண்டுக்குக் கொண்டுவந்தது ஒரு காரியம்தானே? அந்தக் குட்டி எஞ்சினின் வம்சத்தைப் பாருங்கள். அதையே எடுத்து எம்.ஜி. கம்பெனி 'மேக்னா' செய்தது. அதே 57 மில்லிமீட்டர் விட்டத்தை வைத்து 1,087 சிசிக்குச் சுருக்கி, சூப்பர்சார்ஜர் மாட்டி 'கே3 மேக்னெட்' ஆக்கியது. 1933இல் அந்தக் கார் இத்தாலியின் மில்லே மிக்லியா பந்தயத்தில் தன் வகுப்பை வென்றது. அதே வருஷம் அயர்லாந்தின் ஆர்ட்ஸ் பாதையில் நடந்த டூரிஸ்ட் டிராஃபியை வென்றது. ஓட்டியவர் இத்தாலியின் மாவீரர் நுவோலாரி.

பந்தயத்தைச் சொன்னால் இன்னும் மூன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1923இல் டூர் நகரில் நடந்த பிரெஞ்சுக் கிராண்ட் பிரியை 2 லிட்டர் ஆறு சிலிண்டர் சன்பீமில் ஹென்றி சீக்ரேவ் வென்றார். பிரிட்டிஷ் காரில் பிரிட்டிஷ்காரர் வென்ற முதல் கிராண்ட் பிரி அது. எஞ்சினை வடிவமைத்தவர் ஃபியட்டிலிருந்து வந்த பெர்த்தரியோனே, அதனால் "பச்சைப் பெயின்ட் அடித்த ஃபியட்" என்று பொறாமைக்காரர்கள் சொன்னார்கள். 1927 டிசம்பர் குளிரில், பாரிஸ் அருகே மோன்லேரி வட்டப் பாதையில், மில்ட்ரெட் புரூஸ் என்ற பெண்மணி கணவரோடு முறை மாற்றி ஓட்டி, ஏ.சி. காரில் பத்து நாளுக்குள் 15,000 மைல் முடித்தார். அந்தக் கணவர்தான் அதற்கு முந்தைய வருஷம் ஏ.சி.யில் மான்டி கார்லோ ராலியை வென்ற முதல் பிரிட்டிஷ்காரர். மூன்றாவதாக, ரைலி கம்பெனியின் ஆறு சிலிண்டரை அடிப்படையாக வைத்துச் செய்த ஈ.ஆர்.ஏ. பந்தயக் கார். 1935இல் அதில் ஒன்றை இருபத்தோராவது பிறந்தநாள் பரிசாகப் பெற்றவர் சயாம் நாட்டு இளவரசர் பீரா. காருக்கு 'ரோமுலஸ்' என்று பெயர் வைத்து ஐரோப்பாவைக் கலக்கினார். ஆசியாக்காரர் ஒருவர் அந்த வெள்ளைக்காரக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

குட்டி ஆறுகளின் பைத்தியம் ஐந்தாறு வருஷத்தில் தெளிந்தது. காரணங்களை வரிசையாகப் பாருங்கள். 1931 இலையுதிர்காலத்தில் வாக்ஸ்ஹால் தன் கேடட் காரில் சிங்க்ரோமெஷ் கியர் பாக்ஸ் கொண்டுவந்தது, பிரிட்டிஷ் கார்களில் அதுவே முதல். கியர் மாற்றும் பயம் போயிற்று. பயம் போனதும் டாப் கியரில் ஊர்ந்து போகும் தேவையும் போயிற்று. எஞ்சினை ரப்பர் மேல் உட்கார வைக்கும் முறை வந்தது. நாலு சிலிண்டரின் உதறல் உட்கார்ந்திருப்பவருக்கு எட்டவில்லை. பெட்ரோலுக்கு 1928 முதல் கேலனுக்கு 4 பென்ஸ் வரி. ஆறு சிலிண்டரில் வால்வு தேய்த்துக் கரி சுரண்டும் கூலியும் ஒன்றரை மடங்கு. 1935இல் குதிரை வரி ஒரு பவுண்டிலிருந்து 15 ஷில்லிங்காக, அதாவது முக்கால் பவுண்டாக இறங்கியதும், கொஞ்சம் பெரிய நாலு சிலிண்டரே போதும் என்று ஆகிவிட்டது. ஆறு மறுபடி பெரிய கார்களின் சொத்தாயிற்று.

அதில் ஒருவர் மட்டும் ஆறின் அழகை வேறு விதமாகப் பயன்படுத்தினார். வில்லியம் லையன்ஸ். மோட்டார் சைக்கிள் சைட்கார் செய்துகொண்டிருந்தவர். 1931 அக்டோபரில் ஒலிம்பியா கண்காட்சியில் எஸ்.எஸ்.1 காரைக் காட்டினார். உள்ளே ஸ்டாண்டர்டு கம்பெனியின் சாதாரண ஆறு சிலிண்டர். வெளியே ஒரு மைல் நீள மூக்கு. ஆயிரம் பவுண்டு தோற்றம், விலை 310. நம் மாணவரின் கேள்விக்கு இது இன்னொரு பதில்: சில மூக்குகள் எஞ்சினுக்காக நீண்டவை, சில பார்ப்பவருக்காக. 1935இல் முதல் ஜாகுவாரை லண்டன் மேஃபேர் ஹோட்டலில் விருந்து வைத்துக் காட்டி, விலை என்ன இருக்கும் என்று வந்தவர்களை ஊகிக்கச் சொன்னார். சராசரி ஊகம் 632 பவுண்டு. விலை 385.

இனி நான் சொன்ன வழக்கு.

இங்கிலாந்தில் 1934இல் வின்டேஜ் ஸ்போர்ட்ஸ்-கார் கிளப் என்று ஒன்று தொடங்கினார்கள். அவர்கள் கணக்கில் 1930 டிசம்பர் 31க்குள் செய்த கார்தான் 'வின்டேஜ்'. அடுத்த நாள் செய்தது ஆகாது. ஒரு கோடு போட்டாயிற்று, கோட்டுக்கு உள்ளே இருந்தவை பொன்னாயின. பொன்னாகிவிட்டால் எது அசல் என்ற சண்டை வந்தே தீரும்.

ஓல்ட் நம்பர் ஒன்னின் பின்கதை சோகமானது. 1932இல் அதில் 8 லிட்டர் எஞ்சினை மாற்றிப் பூட்டி புரூக்லண்ட்ஸில் ஓடவிட்டார்கள். செப்டம்பரில் 500 மைல் பந்தயத்தில் வளைவின் விளிம்பைத் தாண்டிப் பறந்து, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். சிதைந்த காரை பர்னாட்டோ வேறு உருவத்தில் கட்டினார். பிறகு எத்தனையோ கைகள், எத்தனையோ மாற்றங்கள். 1990இல் அதைக் கிட்டத்தட்ட ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம். வாங்க வந்தவர்கள், இது அந்தக் காரே இல்லை என்று பின்வாங்க, வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி ஆட்டன் பாகம் பாகமாகச் சாட்சியம் கேட்டார். 1929இல் லெ மானை வென்ற காரின் பாகங்களில் ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை என்பது நிரூபணமானது. ஆனாலும் தீர்ப்பு விற்றவர் பக்கம். ஒருநாளும் அந்தக் கார் இல்லாமல் போய் வேறு கார் அதன் பெயரில் முளைக்கவில்லை. ஒவ்வொரு மாற்றமும் ஓடிக்கொண்டிருந்த அதே காருக்கு நடந்தது. அந்தத் தொடர்ச்சியே அதன் அடையாளம், ஆகவே அந்தப் பெயருக்கு உரியது என்றார். வகுப்பில் சான்றாதாரம் பற்றி மூன்று பீரியட் நடத்துவதற்குப் பதில் இந்தத் தீர்ப்பை ஒரு பீரியட் நடத்தியிருக்கலாம்.

இதற்கு நேர் எதிரான கதை 'புளூ டிரெய்ன்' பென்ட்லி. 1930 மார்ச்சில் பர்னாட்டோ கான் நகரத்தில் நூறு பவுண்டு பந்தயம் கட்டினார். புளூ டிரெய்ன் ரயில் கலே துறைமுகத்தை எட்டுவதற்குள் தான் ஸ்பீட் சிக்ஸில் லண்டன் கிளப்புக்கே போய்விடுவேன் என்றார். மழை, மூடுபனி, பஞ்சர், நடுவில் கால்வாயைக் கப்பலில் தாண்டி, ரயில் கலேவை எட்டுவதற்கு நாலு நிமிஷம் முன்னால் கிளப் வாசலில் நின்றார். பல ஆண்டுகள், தாழ்ந்த கூரையுள்ள அழகான கர்னி நட்டிங் கூபே ஒன்றைத்தான் எல்லோரும் அந்தக் கார் என்று சொல்லிவந்தார்கள். டெரன்ஸ் குனியோ என்ற பெரிய ஓவியர் ரயிலோடு அது போட்டி போடுவதுபோல ஓவியமே தீட்டினார். ஆவணத்தைப் பார்த்தால் அந்த கூபே பர்னாட்டோவிடம் வந்ததே பந்தயம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, மே மாதம். உண்மையில் ஓடியது எச். ஜே. மல்லினர் கட்டிய, பார்க்கச் சுமாரான, மூடிய சலூன். அழகான காருக்குப் புகழ், ஓடிய காருக்கு அநாமதேயம்.

1940 நவம்பர் 14 இரவு கவென்ட்ரியின் மேல் குண்டுகள் விழுந்தன. ஆல்விஸின் கார்த் தொழிற்சாலை, டிரையம்ஃபின் பிரயரி தெருத் தொழிற்சாலை எல்லாம் போயின. போர் நடந்த அந்த ஆண்டுகளில், தீ விழுந்தால் அணைக்க ஜாகுவார் தொழிற்சாலையில் இரவுக் காவல் முறை இருந்தது. லையன்ஸ் தன் பொறியாளர்கள் ஹைன்ஸ், ஹாசன், பெய்லி மூவரையும் தன்னோடு ஒரே இரவுமுறையில் போட்டுக்கொண்டார். காவல் இருந்த நேரத்தில் போருக்குப் பிந்தைய எஞ்சினைப் பற்றிப் பேசினார்கள். 1948இல் அது வெளிவந்தது: எக்ஸ்.கே., நேர்வரிசை ஆறு சிலிண்டர், 3.4 லிட்டர். அதே ஆண்டு குதிரை வரி ஒழிந்து, புதுக் கார்களுக்கு எல்லாம் ஒரே தொகை, 10 பவுண்டு என்றாயிற்று. விட்டத்தைக் குறுக்க இனிக் காரணமே இல்லை. எக்ஸ்.கே. எஞ்சினின் விட்டம் 83 மில்லிமீட்டர், ஓட்டம் 106. ஒல்லியாகவும் உயரமாகவும்தான் பிறந்தது. 1951 முதல் 1957க்குள் லெ மானை ஐந்து முறை வென்று, 1992 வரை உற்பத்தியில் இருந்தது.

இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகள் யாராவது வேபிரிட்ஜ் பக்கம் போனால் புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் வராதீர்கள். சாய்தளப் பாதையின் ஒரு துண்டு இன்னும் அப்படியே நிற்கிறது. எஞ்சின்களை ஓட்டிக் காட்டும் நாளாகப் பார்த்துப் போங்கள். படம் எடுத்தால் பானெட்டைத் திறந்து வைத்து எடுத்து எனக்கு அனுப்புங்கள்.